இரைச்சல் எங்கிருந்து வருது?

 

போன கிருத்திகை அன்னிக்கு ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணா, கவசம் படிக்க உக்காந்தா மட்டும் மனசுக்குள்ள ஒரே இரைச்சல். மத்த நேரத்துல நல்லாத்தான் இருக்கேன். இதை எப்படி நிறுத்துறது?" நிறைய பேர் பதில் சொன்னாங்க. மூச்சைக் கவனி, விளக்கையே பாரு, வாய்விட்டுச் சத்தமா படி. எல்லாமே நல்ல பதில்தான். ஆனா எனக்கு அந்தக் கேள்வியில ஒரு வார்த்தை இடிச்சுக்கிட்டே இருந்தது. 'நிறுத்துறது'. அது எங்கிருந்து வருதுன்னு அவனும் கேக்கலை, பதில் சொன்னவங்களும் கேக்கலை.

இதை நான் இவ்வளவு யோசிக்கக் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. மூணு மாசமா எங்க வீட்டுப் பழைய ரெக்கார்ட் பிளேயர்ல வர்ற இரைச்சலைத் தேடிக்கிட்டு இருந்தேன். எது இரைச்சல், எதை நீக்கலாம், நீக்க நமக்கு என்ன உரிமைன்னு அந்தப் பெட்டி கேட்ட கேள்விகள் எந்தப் பிரசங்கத்துலயும் எனக்குக் கிடைக்கலை. அதனால இந்தத் தடவை கோயில் வரலாறு இல்லை, கொஞ்சம் வயரும் ஊசியும். பொறுத்துக்கோங்க.

வீடு கிழக்குத் தாம்பரம். தண்டவாளத்துக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பழைய தனி வீடு. பாட்டி இருந்தவரைக்கும் சஷ்டி தவறாம சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசம் எல்.பி. தட்டு ஓடும். பாட்டி போய் நாலு வருஷம் ஆச்சு. தட்டும் பிளேயரும் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டுல துணி போர்த்திக் கிடந்தது. தாத்தாவுக்கு இப்ப 86. இந்த வருஷம் அவரா கேட்டார்: "அந்தப் பிளேட்டை ஒரு தடவை போடேன்டா." யூடியூப்ல அதே பாட்டு அதே குரல்ல இருக்குன்னு போட்டுக் காட்டினேன். கேட்டுட்டு, "இது சரி. அதைப் போடு"ன்னார்.

பெல்ட் மாத்தி, புது ஊசி போட்டு ஓட விட்டா, பாட்டுக்கு முன்னாடியே 'ம்ம்ம்'னு ஒரு முனகல். அடியில 'கொட கொட'ன்னு ஒரு அதிர்வு. மேல மழைத்தூறல் மாதிரி 'பட் பட்'. தாத்தா கண்ணை மூடிக்கிட்டு, "நல்லாத்தான பாடுது"ன்னார். முனகல் கேக்கலையா தாத்தான்னு கேட்டேன். "அது சுருதிப் பெட்டிடா. அதை ஏன் நிறுத்தணும்?"

சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா, அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. வயசானா காது முதல்ல உச்ச ஒலிகளைத்தான் இழக்கும். அதனால எனக்குத் தொந்தரவா இருந்த அந்த 'பட் பட்' அவர் காதுக்குப் போகவே இல்லை. கீழ் ஒலியான முனகல் போச்சு. அதையும் அவர் பாட்டோட சேர்த்துக்கிட்டார். ஒரே அறை, ஒரே தட்டு. நான் மூணு இரைச்சல் கேட்டேன், அவர் ஒண்ணும் கேக்கலை. அப்ப இரைச்சல்ங்கறது ஒலியில இருக்கிற குணமா, கேக்கிறவன் எதுக்காகக் காத்திருக்கான்ங்கறதைப் பொறுத்ததா? இந்தக் கேள்வி அன்னிக்குத் தொத்திக்கிட்டது.

சரி, முனகல். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. ஊசியைத் தாங்கிற கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்ற சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை ஃபோனோ பிரீஆம்ப் சுமார் 100 மடங்கு பெருக்கும். இதோட இன்னொரு விஷயம் இருக்கு. தட்டை வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைச்சு, மேல் ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுறாங்க. திருப்பிப் போடும்போது பிரீஆம்ப் அதைத் தலைகீழாக்கும், கீழ் ஒலியை ஏத்தும், மேல் ஒலியை இறக்கும். இதனால 50 ஹெர்ட்ஸ்ல இன்னும் ஒரு 7 மடங்கு ஏறும். ஆக மொத்தம் 700 மடங்கு. சுவர்ல ஓடுற கரண்ட்லேர்ந்து ஒரு துளி இந்த வயருக்குள்ள புகுந்தாலும் 700 மடங்கு பெருசாகி வெளிய வரும்.

எங்கிருந்து புகுது? ஊசியைத் தூக்கினேன், முனகல் இருந்தது. மோட்டாரை நிறுத்தினேன், இருந்தது. ஊசிக் கையைத் தொட்டா மாறுது, அப்ப எர்த் விஷயம். வீட்டுக்குப் பக்கவாட்டுல, குழாயடிக்குப் பக்கத்துல எர்த் குழி இருக்கு. கரியும் உப்பும் போட்டு மூடின பழைய குழி. சித்திரை வெயில்ல எலும்பு மாதிரி காஞ்சு கிடந்தது. பாட்டி துளசிக்குத் தண்ணி ஊத்தும்போது அதுலயும் ரெண்டு சொம்பு ஊத்துவாங்களாம், அப்பா சொன்னார். யாரும் அதைத் தொடர்ந்து செய்யலை. நாலு குடம் ஊத்தினேன். முனகல் குறைஞ்சது, போகலை. மிச்சம் இருந்தது வேற ரகம், கொஞ்சம் கரகரன்னு. லேப்டாப்ல பதிவு பண்ண வயர் கொடுத்திருந்தேன். அந்தச் சார்ஜரும் பிளேயரும் ரெண்டு வழியா எர்த்துக்குப் போய் நடுவுல ஒரு வளையம் போட்டிருந்தது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில ஓட விட்டதும் அறை திடீர்னு பெருசான மாதிரி ஆயிடுச்சு. இதைச் செஞ்சு பார்த்தவங்களுக்கு அந்த அமைதி தெரியும்.

இதுல புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்லை. ஆபீஸ்ல பக் தேடும்போது பண்றதுதான்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, கேளு, திருப்பி வை, அடுத்தது. ரெண்டை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. நம்ம கவசத்தையே பாருங்களேன். தேவராய சுவாமிகள் "எல்லாத்தையும் காப்பாத்து முருகா"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். முடிக்கலை. கண், காது, மூக்கு, பல், கழுத்துன்னு ஒவ்வொரு உறுப்பா நின்னு, பேர் சொல்லி, வேலைக் கூப்பிடுறார். சின்ன வயசுல இது ஏன் இவ்வளவு நீளம்னு எனக்குச் சலிப்பா இருக்கும். இப்ப எனக்குத் தோணுறது, மொத்தமா வேண்டிக்கிறவன் தன்னையே சரியாப் பார்க்காம வேண்டிக்கிறான். பேர் சொல்லும்போதுதான் அந்த இடத்துக்கே நாம போறோம்.

அடுத்தது அடியில வந்த 'கொட கொட'. அந்தத் தம்பியோட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைச்சது இங்கதான்.

இதுக்கு ஒரு சோதனை இருக்கு. தட்டைச் சுத்த விடாம நிறுத்தி வெச்சு, அசையாத தட்டு மேல ஊசியை இறக்கணும். ஹெட்போன் போட்டுக்கிட்டு, வால்யூமை மெதுவா ஏத்தணும். பாட்டு கிடையாது, மோட்டார் கிடையாது. ஒண்ணுமே கேக்கக்கூடாதுதானே? ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து கேட்டேன். பக்கத்து வீட்டு போர் மோட்டார் கேட்டது. மாடிப்படியில அம்மா இறங்குற ஒவ்வொரு அடியும் கேட்டது. பீரோ கதவு மூடினா இடி விழுந்த மாதிரி இருந்தது. வேளச்சேரி ரோடு பக்கம் திரும்புற லாரி. அப்புறம், தரைக்கு அடியிலேர்ந்து ஏறி வர்ற மாதிரி, கடைசி நேர ரயில். 1931லேர்ந்து மின்சார ரயில் ஓடுற ஊர் இது. பிறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துல தூங்கினவன் நான். வீட்டுச் சுவரும் மேஜையும் அந்த ஊசியும் அதோட சேர்ந்து நடுங்குதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

இந்த அதிர்வு ஒண்ணும் நான் பாட்டை நிறுத்தினப்ப ஆரம்பிக்கலை. பாட்டு ஓடும்போதும் இருந்தது, பாட்டு அதை மூடியிருந்தது. நான் செஞ்சது ரெண்டே வேலை: மேல இருந்ததை நிறுத்தினேன், வால்யூமை ஏத்தினேன்.

தம்பி, உனக்கும் இதுதான் நடக்குதுன்னு நினைக்கிறேன். நாள் முழுக்க ரீல்ஸ், ஆபீஸ் கால், பைக்ல போகும்போது இயர்போன். கவசம் படிக்க உக்காரும்போதுதான் எல்லாத்தையும் நிறுத்துறே, கவனத்தையும் ஏத்துறே. இ.எம்.ஐ., அப்பா மேல இருக்கிற கோவம், அப்ரைசல் பயம், எல்லாம் அப்பத்தான் கேக்குது. "மத்த நேரத்துல நல்லாத்தான் இருக்கேன்"னு எழுதியிருந்தே பாரு, அதுல எனக்குச் சந்தேகம் இருக்கு. மத்த நேரத்துல பாட்டு ஓடுது, அவ்வளவுதான். அருணகிரிநாதரைச் சும்மா இருக்கச் சொன்னதுதான் முருகன் கொடுத்த முதல் உபதேசம்னு மரபுல சொல்லுவாங்க. அதை நான் ரொம்ப நாள் ஓய்வுன்னு நினைச்சிருந்தேன். நின்ன தட்டுல ஊசி வெச்சுக் கேட்ட ராத்திரிக்கப்புறம், அது ஒரு சோதனையாவும் தெரியுது. சும்மா இருந்து பாரு, எது எது நடுங்குதுன்னு தெரியும். இதுல இன்னொரு அழகு, அந்த உபதேசம் வாங்கினவர் வாயை மூடிக்கிட்டு இருந்துடலை. நமக்குக் கிடைச்சிருக்கிற திருப்புகழே சுமார் 1,300 பாட்டு. தாளம் குதிக்கிற பாட்டுங்க. அப்ப அமைதின்னா சத்தமே இல்லாம இருக்கிறது இல்லை போல.

அதிர்வுக்கு வைத்தியம் சாதாரணம். சமையல்கட்டுல மிச்சம் கிடந்த கடப்பா கல் ஒண்ணு. அதுக்கு அடியில நாலு மூலையிலயும் பழைய சைக்கிள் டியூப் மடிச்சு வெச்சு, அதுக்கு மேல பிளேயர். ஸ்பீக்கரை அந்த மேஜையிலேர்ந்து இறக்கித் தரையில வெச்சேன். ரயிலை நிறுத்த முடியாது. ரயிலுக்கும் ஊசிக்கும் நடுவுல ஒரு கல்லை வைக்கலாம்.

"இதுக்கெல்லாம் ஏன் ப்ரோ இவ்வளவு கஷ்டம், ரெக்கார்ட் பண்ணிட்டு சாஃப்ட்வேர்ல டீநாய்ஸ் போடு, ரெண்டு நிமிஷம்"னு ஆபீஸ் நண்பன் சொன்னான். நல்ல சாஃப்ட்வேர் இருக்கு, மறுக்கலை. ஆனா கடைசியில வடிகட்டுறவனுக்கு ஒரு பிரச்சினை இருக்கு. அவனுக்கு முன்னாடி வர்றது எல்லாம் கலந்த ஒரே ஓட்டம். அதுல எது குரல், எது குப்பைன்னு அவன் ஊகிக்கணும்.

'சஷ்டி'ன்னு சொல்லிப் பாருங்க. அந்த 'ஷ்' என்ன? நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல காத்து உரசுற சத்தம். கருவியில போட்டுப் பார்த்தா, ஒழுங்கான அலையே இருக்காது. தட்டோட தேய்மானச் சத்தத்துக்கும் அதுக்கும் அலை வடிவத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. 'சரவணபவ'ல நாம 'ஸ' மாதிரி சொல்ற முதல் எழுத்தும் அப்படித்தான். ஆறெழுத்து மந்திரம் ஆரம்பிக்கிறதே, இயற்பியல் கணக்குப்படி ஒரு துளி இரைச்சல்ல. இரைச்சல் மொத்தத்தையும் கொன்னுட்டா மந்திரத்தோட வாசப்படியும் போயிடும். டீநாய்ஸை முழுசா ஏத்திப் பார்த்தேன். சூலமங்கலம் சகோதரிகள் ஜலதோஷம் பிடிச்சு, போர்வைக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி இருந்தது.

பழைய அரக்குத் தட்டுகள்ல இது இன்னும் கூர்மை. 78 சுற்றுத் தட்டுகளை அரக்கோட கல்தூள் கலந்து செஞ்சாங்க. எஃகு ஊசி அதுல தேஞ்சு, பள்ளத்தோட வடிவத்துக்கு வரணும்னே அந்தத் தூள். அதனால அந்த 'உஸ்ஸ்' தட்டுக்குள்ளயே பிறந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல போயிட்டார். 27 வயசு, கிட்டத்தட்ட என் வயசு. முருகனைப் பாடியே பேர் வாங்கின கே.பி. சுந்தராம்பாளோட கணவர். அவர் குரல் நமக்கு வேற எந்த வழியிலயும் வராது, அந்த 'உஸ்ஸ்' வழியாத்தான் வரும். முழுசா சுத்தம் பண்ணித்தான் கேப்பேன்னு ஒருத்தன் அடம் பிடிச்சா, அவனுக்குக் கிட்டப்பாவும் கிடைக்க மாட்டார்.

வடிகட்டியை நான் மொத்தமா வேண்டாம்னு சொல்லலை. தட்டு வெட்டுறவங்க மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டுறதுக்குப் பின்னாடி ஒரு தந்திரம் இருக்கு. திருப்பிப் போடும்போது மேல் ஒலியை இறக்குறோம் இல்லையா, அப்ப தட்டோட 'உஸ்ஸ்'ஸும் சேர்ந்து இறங்கிடும், குரல் மட்டும் சரியான அளவுக்கு வந்து நிக்கும். இரைச்சல் வரப்போகுதுன்னு தெரிஞ்சு முன்கூட்டியே குரலை உயர்த்தி வெச்சிருக்காங்க. பாட்டி ஒரு கஷ்டமும் இல்லாத நாள்லயும் கவசம் படிச்சது எனக்கு ஞாபகம் வருது. நாம பரீட்சை, இன்டர்வியூ, ஆஸ்பத்திரின்னு வந்தப்புறம்தான் ஓடுறோம்.

இங்க ஒரு சின்ன விலகல். நம்ம சத்தம் அடுத்தவனுக்கு இரைச்சலாகிறதைப் பத்தியும் சொல்லணும், சிலருக்குக் கோவம் வந்தாலும் பரவாயில்லை. ஆடிக் கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் தெருமுனையில கூம்பு ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையிலேயே ஆரம்பிக்கிறோம். இரவு 10 முதல் காலை 6 வரைக்கும் வெட்டவெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே ஒலி மாசு விதிகள் வந்தாச்சு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரியில 45. விதியை விடுங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு அப்பத்தான் படுத்த நர்ஸ் அக்கா அதே தெருவுலதான் இருக்காங்க. தாத்தா முனகலைச் சுருதின்னு எடுத்துக்கிட்டது அவரோட அன்பு. நம்ம முனகலை எல்லாரும் சுருதின்னு எடுத்துக்கணும்னு நாம எதிர்பார்க்கிறது அன்பு இல்லை. குரோம்பேட்டை குமரன்குன்றம் ஏறுறோமே, அங்க இருக்கிறது சுவாமிநாத சுவாமி. தகப்பனுக்கே பிரணவம் சொன்னவர். அதைக் காதுல ரகசியமாத்தான் சொன்னார்.

திரும்ப வர்றேன். மிச்சம் இருந்தது 'பட் பட்'. இதுல ரெண்டு வகை. ஒண்ணு தூசி, அது ஒழுங்கில்லாம எங்கேயாவது வெடிக்கும். இன்னொண்ணு கீறல், அது கடிகாரம் மாதிரி வரும். எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, அப்ப ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஸ்டாப்வாட்ச் வெச்சு 'பட்' வர்ற இடைவெளியைப் பார்த்தா 1.8. அப்ப மோட்டார்ல குறை இல்லை, தட்டுல குறுக்கே கீறல். உறுப்புகளோட வரிசை வர்ற இடத்துல, அந்தக் கீறல் மேல ஊசி ஒவ்வொரு தடவையும் துள்ளி மூணு சுற்று தாண்டி விழுந்தது. மூணு சுற்றுன்னா 5.4 விநாடி. அதுல ஒரு வரி போயிடுது. முதுகைக் காக்கச் சொல்ற வரி.

தாத்தாகிட்டச் சொன்னேன். "அது ரொம்ப நாளாவே அப்படித்தான். உங்கப்பன் சின்னப் பையனா இருக்கும்போது ஊசியைப் பிடிச்சு இழுத்தான்"னார். அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கவே இல்லை. அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். தட்டு இல்லாம, தாத்தா காலையில தானா முணுமுணுக்கும்போதும் அந்த வரி வர்றதில்லை. பாட்டியும் தாத்தாவும் புத்தகம் பார்த்துப் படிச்சவங்க இல்லை, தட்டு கூடவே சொல்லிச் சொல்லிப் பழகினவங்க. நாப்பது வருஷமா எங்க வீட்டுல முதுகுக்குக் காவல் இல்லை. இதைச் சொன்னதும் தாத்தா நிமிர்ந்து உக்காந்து, "அதான்டா எனக்கு இந்த இடுப்புக்கு மேல வலி"ன்னார். அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்டுல யாருக்கு எது வலிச்சாலும் அதே ஜோக்.

பூதக்கண்ணாடி வெச்சுக் கீறலைப் பார்த்தேன். கீறல் அவ்வளவு ஆழம் இல்லை. ஆனா அந்த இடத்துல பள்ளத்துக்குள்ள சாம்பல் நிறத்துல ஏதோ இறுகிப் போய், மணல் மேடு மாதிரி நின்னுது. தட்டு முழுக்கவே அதே சாம்பல் லேசா இருந்தது. கொஞ்ச நேரம் ஆச்சு எனக்குப் புரிய. விபூதி. பூஜை முடிச்ச கையோட, நெத்தியில இட்ட அதே விரலால பாட்டி தட்டை எடுத்து வெச்சிருக்காங்க. சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அது கெட்டியாயிருக்கு.

இதைக் கழுவுறதா?

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும். அம்மாவே சொன்னாங்க, "இருக்கட்டும்டா, அது அவங்க கைபட்டது." இத்தனை நாளா நான் தேடின இரைச்சல் எல்லாம் வெளியிலேர்ந்து வந்தது, அதை நீக்க யோசிக்கவே தேவையில்லை. இது பக்தியே போட்ட இரைச்சல். பாட்டியோட விரல் ரேகைன்னு சொன்னாலும் தப்பில்லை. இதை எடுத்துட்டா பாட்டியை எடுத்துட்ட மாதிரியா?

ரெண்டு நாள் தட்டைத் தொடலை. என்னை முடிவுக்குத் தள்ளினது ஊசிதான். அந்தத் தூள் பள்ளத்துல இருக்கிற ஒவ்வொரு தடவையும், வைர ஊசி அதைச் சுவரோட சேர்த்து அரைக்கும். வினைல் மென்மையானது. விபூதி இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு சஷ்டிக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமா தேயும். பாட்டி அந்தத் தட்டை எடுத்தது குரலுக்காக. விரலைப் பத்திரப்படுத்திக் குரலைத் தேய விடுறது, அவங்க செஞ்சதுக்கு நேர் எதிரான வேலைன்னு எனக்குப் பட்டது. விபூதிக்கு இடம் நெத்தி. வந்த இடம் தெரிஞ்சுது, போக வேண்டிய இடமும் தெரியும். இந்த முடிவு எல்லா வீட்டுக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். இனிமே ஓடவே போறதில்லை, ஃபிரேம் போட்டு மாட்டப் போறீங்கன்னா, கழுவாதீங்க.

பேட்டரி கடையில இன்வெர்ட்டருக்கு விக்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர். அதுல ஒரு துளி பாத்திரம் கழுவுற சோப்பு, மென்மையான பிரஷ். நடுவுல இருக்கிற லேபிள் நனையாம, பள்ளம் போற வழியிலேயே வட்டமா தேய்க்கணும். (அரக்குத் தட்டா இருந்தா ஸ்பிரிட், சானிட்டைசர் பக்கமே போகக் கூடாது, அரக்கு கரைஞ்சுடும்.) கீறல் இருந்த இடத்தை மட்டும் ரெண்டு மூணு தடவை ஊற வெச்சேன். கழுவின தண்ணி லேசா வெளுத்து இருந்தது. அம்மா அதைச் சாக்கடையில ஊத்த விடலை. வாங்கிட்டுப் போய்த் துளசிச் செடி ஓரமா ஊத்தினாங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை.

அடுத்த சஷ்டி அன்னிக்கு அக்கா பொண்ணும் வந்திருந்தா. ஏழு வயசு. அவளுக்குக் கவசம் பாதி மனப்பாடம், தாத்தாகிட்டக் கத்துக்கிட்டது. அதாவது முதுகு இல்லாத கவசம். தட்டு போட்டோம். முனகல் இல்லை, அதிர்வு இல்லை. ஊசி கீறலுக்கு வந்துது. 'பட்'. தாண்டலை. 'பட்', 'பட்'. அந்த வரி வந்தது, நடுவுல ரெண்டு தட்டலோட, முழுசா.

தாத்தா வாய் பழக்கத்துல அடுத்த வரிக்குப் போயிடுச்சு. குழந்தையும் கூடவே போயிட்டா. ரெண்டு பேரும் பாட்டை விட்டு ஒரு வரி முன்னாடி நின்னாங்க. அவ கண்ணை உருட்டி, "மாமா, பிளேட்டு தப்பா பாடுது"ன்னா.

அவளுக்கு அன்னிக்கே புத்தகத்தைக் காட்டி அந்த வரியைச் சொல்லிக் கொடுத்துட்டேன். அவளுக்கு அது தெரியணும், அதுல எனக்குக் குழப்பமே இல்லை. வழிவழியா வர்றதுன்னு சொல்லிக் கீறலையும் சேர்த்துக் குழந்தை கையில கொடுக்க முடியாது. பதிவு பண்ணினதுல ரெண்டு பிரதி வெச்சிருக்கேன். அவளோடதுல அந்தத் தட்டலைக் கையாலயே ஒவ்வொண்ணா எடுத்துட்டேன். தாத்தாவோடதுல விட்டுட்டேன். (யாரும் கேக்காதீங்க, அனுப்ப மாட்டேன். உரிமை இருக்கிற பதிவு, வீட்டுக்கு மட்டும்.)

தாத்தாவைத் திருத்தணுமான்னு அக்கா கேட்டா. 86 வயசுல, பாட்டியோட சேர்ந்து சொல்லிப் பழகின வாய் அது. அவருக்கு அந்தத் தாண்டல் குறை இல்லை, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்து வெச்ச ஒரு அடி. நான் திருத்தலை. போன சஷ்டிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தார். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கிட்டார். தட்டு அந்த வரியைத் தனியா பாடிச்சு, கூடவே குழந்தை மட்டும் உரக்கச் சொன்னா. அது முடிஞ்சதும் அவர் சேர்ந்துக்கிட்டார்.